வீட்டுக்காரர் ஃபீல்டுக்குக் கிளம்புகிறாரா? சேலத்துப் பட்டாளத்து வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லீவு முடியும் கடைசி பத்து நாளில் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு பக்கம் அத்தை முறுக்குக்கு மாவு அரைக்கக் கொடுத்திருப்பார், இன்னொரு பக்கம் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போவார்கள், அவர் தம்பியோடு வண்டியை எடுத்துக்கொண்டு சேலத்துக்கும் மலைக்குமாக அலைவார், நாம் அழுகையை அடக்கிக்கொண்டு அடுப்படியில் நிற்போம். பேச வேண்டியதைப் பேசியிருக்க மாட்டோம், எடுத்து வைக்க வேண்டிய காகிதத்தை எடுத்து வைத்திருக்க மாட்டோம். ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிட்டு வந்து மறுநாள் கேஸ் புக் பண்ணப் போனால் ஓ.டி.பி. அவர் நம்பருக்குப் போகும். அவர் போன் சுவிட்ச் ஆஃப்.

எங்கள் ஊர் ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் பக்கம். அவர் மெட்ராஸ் ரெஜிமென்ட். கல்யாணமாகிப் பதினோரு வருடம், அதில் மூன்று முறை ஃபீல்டு போஸ்டிங், அதாவது எல்லைப் பக்கத்து வேலை. முதல் முறை பட்ட கஷ்டத்தில் பாதி, அவர் இருக்கும்போதே ஒரு வாரம் உட்கார்ந்து வேலை செய்திருந்தால் வந்தே இருக்காது. அதனால் புதிதாகக் கல்யாணமாகி வந்திருக்கும் தங்கச்சிகளுக்காக வரிசையாக எழுதுகிறேன். எந்த வேலையைச் செய்தாலும் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு செய்யுங்கள்: அவர் பத்து நாள் போனில் கிடைக்காவிட்டால் இது நடக்குமா?

முதலில் ஒரு விஷயம். பீஸ் ஸ்டேஷன் என்றால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், குடும்பமாக இருக்கலாம். ஃபீல்டு என்றால் குடும்பத்துக்கு அங்கே இடமில்லை. அப்போது நமக்கு இருப்பது இரண்டு வழி: ஊரில் இருப்பது, அல்லது ஃபீல்டில் இருப்பவர்களின் குடும்பத்துக்கென்று சில பீஸ் ஸ்டேஷன்களில் ஒதுக்கும் செபரேட்டட் ஃபேமிலி குவார்ட்டர்ஸுக்கு யூனிட் மூலமாக எழுதிப் போடுவது. பிள்ளைகள் படிப்பு நடுவில் இருந்தால், அல்லது மாமியார் வீட்டில் ஒத்துப்போகாத நிலை இருந்தால், இரண்டாவது வழியைத் தயங்காமல் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. காத்திருப்புப் பட்டியல் இருக்கும், அதனால் போஸ்டிங் ஆர்டர் வந்த உடனேயே கேட்க வேண்டும்.

முதல் வேலை: போன் நம்பர்

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இது. இன்றைக்கு ஒரு வீட்டை நடத்துவதே ஓ.டி.பி. தான். கேஸ் சிலிண்டர் டெலிவரிக்கு வரும் எண், ரேஷன் கார்டு, குழந்தைகளின் ஆதார், கரண்ட் பில், பள்ளிக்கூடத்து மெசேஜ், வண்டி இன்சூரன்ஸ், இவை எந்த நம்பரில் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முக்கால்வாசி அவர் நம்பராக இருக்கும். லீவிலேயே உங்கள் நம்பருக்கு மாற்றிவிடுங்கள், ஏனென்றால் பலவற்றை மாற்றுவதற்கே பழைய நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. வரும், அதற்கு அவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சம்பளக் கணக்கு அவர் பெயரில்தான் இருக்கும், அது இருக்கட்டும். உங்கள் பெயரில் தனியாக ஒரு கணக்கு வைத்து, மாதம் இவ்வளவு என்று சம்பளக் கணக்கிலிருந்து தானாக வந்து விழுகிற மாதிரி ஸ்டேண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் கொடுக்கச் சொல்லுங்கள். முதல் ஃபீல்டில் அவர் ஏ.டி.எம். கார்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார், சரி இது போதும் என்று இருந்தோம். எட்டாவது மாதம் கார்டு காலாவதியாகி, புதுக் கார்டு அவருடைய பழைய குவார்ட்டர்ஸ் விலாசத்துக்குப் போய்விட்டது. இரண்டு மாதம் என் கொலுசையும் ஒரு ஜோடி கம்மலையும் வைத்துத்தான் ஓட்டினேன். அவர் மேலே ஒரு போஸ்டில் இருந்தார், சொன்னால் வருத்தப்படுவார் என்று சொல்லவும் இல்லை. நீங்கள் அப்படி இருக்க வேண்டாம்.

இரண்டாவது வேலை: பெயரைச் சரிபார்ப்பது

இதில் நம்மூர்ப் பெண்கள் மாட்டுகிற மாதிரி வேறு யாரும் மாட்டுவதில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் எழுத்து, பின் கணவர் பெயரின் எழுத்து. கவிதா என்ற பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் எஸ். கவிதா, ஆதாரில் கவிதா எம்., பான் கார்டில் கவிதா சண்முகம், பட்டாளத்து ரெக்கார்டில் வெறும் கவிதா தேவி, ஏனென்றால் எழுதிய கிளார்க்குக்கு அது பழக்கம். நான்கும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அஃபிடவிட், கெஜட், அலைச்சல்.

பட்டாளத்தில் நம் கல்யாணம், குழந்தை பிறப்பு எல்லாமே பார்ட் டூ ஆர்டர் என்ற பதிவில் ஏறினால்தான் கணக்கு. மருத்துவமனை, கேன்டீன், படிப்புச் சலுகை, காப்பீடு எல்லாம் அதைப் பார்த்துத்தான். அந்தப் பதிவுகள் ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு. பார்ட் டூ ஆர்டரின் நகலை வாங்கி வரச் சொல்லுங்கள். அதில் உங்கள் பெயர், பிறந்த தேதி, பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, எல்லாம் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று விரல் வைத்துப் படியுங்கள். தப்பிருந்தால் இப்போதே திருத்த எழுதிக் கொடுக்க வேண்டும், திருத்தம் ஏற மாதங்கள் ஆகும்.

கல்யாணத்தைப் பதிவு செய்யாதவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள், கோயிலில் தாலி கட்டினோம், பத்திரிகை இருக்கிறது, போதும் என்று. போதாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் செய்ய வேண்டும், விட்டால் அடுத்த 60 நாளுக்குள் கூடுதல் கட்டணத்தோடு செய்யலாம். கல்யாண லீவிலேயே இதை முடித்துவிட்டுத்தான் அவரை ரயில் ஏற்ற வேண்டும்.

மூன்றாவது வேலை: யாரும் பேச விரும்பாத பேச்சு

நாமினேஷன். ஆர்மி குரூப் இன்சூரன்ஸ், பிராவிடண்ட் ஃபண்ட், வங்கியின் டிஃபென்ஸ் சேலரி பேக்கேஜ் கணக்கு, தனியாகப் போட்ட எல்.ஐ.சி., எல்லாவற்றிலும் யார் பெயர் இருக்கிறது? பட்டாளத்தில் சேர்ந்த பத்தொன்பது வயதில் அம்மா பெயரை எழுதியிருப்பார்கள், அப்புறம் அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு இரண்டாவது ஃபீல்டுக்கு முன்னால் ஒரு ராத்திரி நடந்தது. மழை. கரண்ட் இல்லை. எமர்ஜென்சி லைட்டை அரிசி டப்பாவின் மேல் வைத்துக்கொண்டு அவர் ஃபாரத்தைப் படிக்கிறார், நான் குனிந்து பார்க்கிறேன். இவ்வளவு சதவீதம் மனைவிக்கு, இவ்வளவு அம்மாவுக்கு என்று அவர் சத்தமாகச் சொன்னபோது, உள்ளே படுத்திருந்த அத்தை எழுந்து வந்து வாசப்படியில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "கண்ணு, எனக்கு எதுக்குடா சாமி, பாப்பா பேருல போடு" என்றார். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான்தான், "இல்லை அத்தை, உங்க பேரும் இருக்கட்டும்" என்று சொல்லி ஃபாரத்தை எடுத்து அவர் கையில் திரும்பக் கொடுத்தேன். அன்றைக்கு எழுதியதுதான் இன்றைக்கும் இருக்கிறது. அத்தைக்கும் எனக்கும் நடுவில் அதற்கு முன்னால் இருந்த ஒரு இறுக்கம் அந்த ராத்திரியோடு போனது.

நான் சொல்ல வருவது, இதை ரகசியமாகச் செய்யாதீர்கள். மனைவி பெயரை ஓசையில்லாமல் ஏற்றிவிட்டு மாமியாருக்கு மறைப்பதும் தப்பு, பயந்துகொண்டு பழையபடியே விடுவதும் தப்பு. காப்பீட்டுத் தொகையைப் பங்கு பிரித்து எழுதலாம். மகனை வளர்த்து அனுப்பியவருக்கும் ஒரு பங்கு இருக்கட்டும், பிள்ளைகளை வளர்க்கப் போகிற உங்களுக்குப் பெரிய பங்கு இருக்கட்டும், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது எழுதட்டும்.

நிலம், வீடு விஷயமாகக் கையெழுத்துத் தேவைப்படும் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் பெயருக்குப் பவர் எழுதி வாங்குங்கள். எந்த வேலைக்கு என்று குறிப்பிட்டு எழுதும் பவர் போதும். அண்ணனுக்கோ மச்சானுக்கோ பொதுப் பவர் கொடுத்துவிட்டுப் போவது எனக்கு ஒப்பவே இல்லை, எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

நோட்டு

இவ்வளவையும் எங்கே வைப்பது? ஒரு நீளமான 192 பக்கக் கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். என்னுடையதற்கு நீல அட்டை, ஓரமெல்லாம் மஞ்சள் கறை, ரப்பர் பேண்டு போட்டிருக்கும். முதல் பக்கம் அவருடைய ஆர்மி நம்பர், ரேங்க், முழுப் பெயர், யூனிட், கம்பெனி, 9-இல் தொடங்கும் பின்கோடு, கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. (பட்டாளத்துத் தபால் ஆபீஸ்) அல்லது 99 ஏ.பி.ஓ. அடுத்த பக்கம் யூனிட் ஆபீஸ் நம்பர், கம்பெனியின் சீனியர் சாப் (சுபேதார் மாதிரி மூத்தவர்) நம்பர், நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அதே யூனிட்டில் இருந்தால் அவர் வீட்டு நம்பர். அதற்கடுத்து கடன், சீட்டு, தவணை, எந்தத் தேதி, எவ்வளவு. கடைசிப் பக்கத்தில் டிபென்டென்ட் கார்டு, கேன்டீன் கார்டு, சர்டிபிகேட்டுகள் எந்தப் பெட்டியில் என்ன அடுக்கில் இருக்கின்றன என்ற விவரம். இந்த நோட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பக் கூடாது. அது வீட்டை விட்டு வெளியே போகாத நோட்டு.

போன பிறகு: பேசுவதும் பேசாமல் இருப்பதும்

கிளம்பும் முன்பே ஒரு கணக்குப் பேசி வையுங்கள். எத்தனை நாள் போன் வராவிட்டால் நாம் கவலைப்பட வேண்டாம்? எங்கள் கணக்கு பன்னிரண்டு நாள். அதுவரை நான் யாரையும் கேட்க மாட்டேன், அதற்கு மேல் போனால் யூனிட் ஆபீஸுக்கு ஒரு போன். இந்தக் கணக்கு இல்லாத வருடத்தில் மூன்றாம் நாளே எனக்குச் சோறு இறங்காது. உயரமான போஸ்டில் நெட்வொர்க் இருக்காது, சாட்டிலைட் போனில் முறை வைத்துச் சில நிமிடம்தான் பேசுவார்கள், ரோந்து போனால் அதுவும் கிடையாது. நம் பக்கமும் அப்படித்தான், காற்றடித்தால் மலையில் சிக்னல் போய்விடும். அதனால் போன் வந்தால் முதல் ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டியதை நோட்டில் மூன்று வரியாகக் குறித்து வைத்திருப்பேன். பணம், பிள்ளை, அத்தை உடம்பு. மிச்ச நேரம் சும்மா பேசுவது. சண்டையை அந்த நாலு நிமிடத்தில் ஆரம்பிக்க வேண்டாம், பாதியில் லைன் போய்விட்டால் அவர் அதை மனதில் வைத்துக்கொண்டு சென்ட்ரி டியூட்டியில் நிற்பார்.

ஆனால் எல்லாவற்றையும் மறைப்பதும் வேண்டாம். கொலுசு வைத்த கதையைச் சொன்னேனே, அதைப் பிற்பாடு தெரிந்துகொண்டபோது அவருக்கு வந்த வேதனை, அன்றைக்கே சொல்லியிருந்தால் வந்திருக்கும் வேதனையை விடப் பெரிது. தீர்க்க முடிந்ததைத் தீர்த்துவிட்டுச் சொல்லுங்கள், தீர்க்க முடியாததை உடனே சொல்லுங்கள்.

பார்சல் பற்றி. ஏ.பி.ஓ. விலாசத்துக்குத் தபால் ஆபீஸில் பார்சல் எடுத்துக்கொள்வார்கள். யூனிட் பெயர் இருக்கும் விலாசத்தில் அவர் இருக்கும் ஊர்ப் பெயரைச் சேர்த்து எழுதாதீர்கள், கூடாது. தட்டுவடை அனுப்பினால் தூளாகத்தான் போகும், முறுக்கும் அப்படியே. பருப்புப் பொடி, பூண்டுப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, கடலை உருண்டை, நம் தோட்டத்துக் காப்பித் தூள், இவை தாங்கும். காப்பித் தூளை இரண்டு கவருக்குள் போட்டு நூலால் இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கூட வைத்த பனியன் எல்லாம் வாசம் பிடிக்கும். (அவருக்கு அந்த வாசம் பிடிக்கும் என்பதால் ஒரு வருடம் வேண்டுமென்றே தளர்வாகக் கட்டினேன்.) லடாக் பக்கம் என்றால் பனி மூடும் முன், ஐப்பசிக்குள் அனுப்பிவிடுங்கள்.

பிள்ளைகள்

மத்திய அரசின் குழந்தைகள் கல்வி உதவித்தொகை பட்டாளத்துக்கும் உண்டு. 2024 ஜனவரியிலிருந்து ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு, இரண்டு பிள்ளைகள் வரை. வருடம் முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் சர்டிபிகேட் வாங்கி அனுப்ப வேண்டும், அதில் பிள்ளையின் பெயர் பார்ட் டூ ஆர்டரில் இருப்பது போலவே இருக்க வேண்டும். சேலத்தில் கேந்திரிய வித்யாலயா இருக்கிறது. மாற்றலாகும் பணியில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்குச் சேர்க்கையில் முன்னுரிமை உண்டு, எத்தனை முறை மாறுதல் ஆகியிருக்கிறது என்று காட்டும் சர்வீஸ் சர்டிபிகேட்டை யூனிட்டில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

வயிற்றில் குழந்தையோடு இருப்பவர்கள் கிராமச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (கர்ப்பிணிப் பதிவு எண்) வாங்காமல் இருக்க வேண்டாம், பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும். பிறந்ததும் சான்றிதழை யூனிட்டுக்கு அனுப்பிப் பார்ட் டூ ஆர்டர் ஏற்றச் சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளைக்கு அப்பா முகம் மறந்துபோகும். மறந்துதான் போகும், அதற்காக அழ வேண்டாம். எங்கள் பாப்பாவுக்கு ஒன்றரை வயதில் அவர் வந்தபோது இரண்டு நாள் அவரிடம் போகவே இல்லை. அடுத்த முறை கிளம்பும் முன் அவர் குரலில் பத்துக் கதை ரெக்கார்ட் பண்ணி வாங்கி வைத்தேன், நரி கதை, சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போன கதை, அவர் சின்ன வயதில் காப்பிப் பழம் தின்று வயிற்றுவலி வந்த கதை. தினமும் படுக்கும்போது ஒன்று. மறுமுறை அவர் வாசலில் வந்து நின்று கூப்பிட்டதும், முகத்தைப் பார்க்கும் முன்பே குரலைக் கேட்டு ஓடினாள்.

அவசரம் என்றால்

ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினால் மலையிலிருந்து யார் வண்டியில் இறங்குவது? சேலம் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். அந்த மாதிரி நாளில் குப்பனூர் வழி திறந்திருக்கிறதா என்று கேட்க ஒரு டிரைவர் நம்பர், 108 தவிர இன்னும் இரண்டு வண்டிக்காரர் நம்பர், நோட்டில் இருக்கட்டும். நீங்களும் வண்டி ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுங்கள். மலையில் இருப்பவர்கள் கட்டாயம்.

வீட்டில் ஒரு பெரிய விஷயம், சாவு, ஆபரேஷன் என்றால், அவர் போனுக்கு முயன்றுகொண்டே இருக்காமல் நேராக யூனிட் ஆபீஸுக்குச் சொல்லுங்கள். அங்கிருந்து அவரிடம் சேதி போகும், லீவும் அவர்கள் மூலம்தான். ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

நிலத் தகராறு, எல்லைக்கல் பிடுங்குவது, வாடகைக்காரர் தொல்லை, இதெல்லாம் ஆண் இல்லாத வீடு என்று பார்த்துத்தான் வரும். அவர் தன் கமாண்டிங் ஆபீசர் மூலமாகச் சேலம் கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் எழுதலாம், அந்தக் கடிதத்துக்கு மதிப்பு உண்டு. நீங்கள் அதன் நகலோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். பெயரில் முன்னாள் என்று இருந்தாலும் இப்போது பணியில் இருப்பவர்களின் குடும்பத்துக்கும் அது உண்டு. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளிலும் கொடுக்கலாம். கோர்ட்டில் வழக்கு என்றால், 1925ஆம் ஆண்டு இந்தியப் படைவீரர்கள் வழக்காடல் சட்டம் இருக்கிறது. போர்ப் பகுதி போன்ற இடங்களில் இருக்கும் வீரர் வர முடியாத நிலையில் வழக்கை நிறுத்தி வைக்கக் கேட்க அதில் வழி இருக்கிறது. வக்கீலிடம் அந்தச் சட்டத்தின் பெயரையே சொல்லிக் கேளுங்கள்.

செய்தி, வதந்தி, போனில் வரும் அந்நியர்

2025 மே 7 அன்று காலை ஆபரேஷன் சிந்தூர் என்று டிவியில் ஓட ஆரம்பித்தது. அவர் எல்லைப் பக்கம். மலையில் அப்போது சீசன் கூட்டம், வாசலில் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன, உள்ளே அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு டிவி முன் உட்கார்ந்திருக்கிறார். மத்தியானம் வரை பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. ஒரு சேனலில் சொன்னதை இன்னொரு சேனலில் மாற்றிச் சொன்னார்கள். நான் ரிமோட்டை எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டு, அத்தையைக் கூட்டிக்கொண்டு தோட்டத்தில் களை எடுக்கப் போனேன். ராத்திரி ஏழு மணிக்குப் பதினைந்து நிமிடம் மட்டும் செய்தி, அதுவும் ஒரே சேனல். பத்தாம் தேதி சண்டை நின்றது, பதின்மூன்றாம் தேதி போன் வந்தது. அந்த ஆறு நாளும் வாட்ஸ்அப்பில் வந்த எதையும் நான் திறக்கவில்லை. உறுதியான செய்தி யூனிட்டிலிருந்துதான் வரும், பக்கத்து வீட்டு மாமாவின் ஃபார்வர்டில் வராது.

அவர் யூனிட், இடம், கிளம்பும் தேதி, சீருடைப் படம் எதையும் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 ஆப்களை அழிக்கச் சொல்லிப் படையினருக்கே உத்தரவு வந்தது. அவர் போனில் இல்லாததை நம் போன் வழியாக வெளியே விட வேண்டாம். "யூனிட் ஆபீஸிலிருந்து பேசுகிறேன், ஆதார் அனுப்புங்கள், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று யார் பேசினாலும், எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், வைத்துவிட்டு நோட்டில் இருக்கும் நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

உங்கள் மனசு

ஊரில் எல்லோரும் அவரைத்தான் விசாரிப்பார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க ஆள் இருக்காது. கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு ஜோடியாகப் போகிறவர்களைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும், கல்யாண வீட்டில் தனியாகப் போய் நின்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். எனக்குக் கைகொடுத்தது அம்மாபேட்டையில் இருக்கும் இன்னொரு பட்டாளத்து அக்காதான். மாதம் ஒரு முறை மலையிறங்கி கேன்டீன் சாமான் வாங்கப் போகும்போது அவர் வீட்டில் இரண்டு மணி நேரம். அவரிடம் எதையும் விளக்க வேண்டியதில்லை. அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். தூக்கம் வாரக்கணக்கில் வராமல், சமைக்கவே பிடிக்காமல், காரணமில்லாமல் பிள்ளையை அடிக்கிற நிலைக்கு வந்தால் 14416 டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

அவர் லீவில் வரும்போது

ஜவான்களுக்கு வருடத்துக்கு 60 நாள் ஆண்டு லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. ஜம்மு பக்கமிருந்து ஹிம்சாகர், வடகிழக்கிலிருந்து விவேக் எக்ஸ்பிரஸ், எதில் வந்தாலும் நாள் கணக்கில் பயணம். வந்த முதல் மூன்று நாள் அவரைத் தூங்க விடுங்கள். கதவு சத்தத்துக்குத் தூக்கிப்போட்டு எழுந்திருப்பார், கூட்டமாக இருந்தால் எழுந்து வெளியே போவார், பேச்சு கம்மியாக இருக்கும். நம்மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான்காம் நாளிலிருந்து நோட்டை எடுக்கலாம். ஒரு வருடம் நீங்கள் நடத்திய வரவு செலவை அவரிடம் காட்டுங்கள், ஆனால் சாவியைத் திரும்பக் கொடுக்காதீர்கள். இரண்டு மாதத்தில் அவர் கிளம்பியதும் மறுபடி முதலிலிருந்து நீங்கள்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். கேஸ், ஸ்கூல், தவணை எல்லாம் அவர் இருக்கும்போதும் உங்கள் கையிலேயே ஓடட்டும், அவர் மிளகுக்கொடியைக் கட்டட்டும், கூரையைப் பார்க்கட்டும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போகட்டும்.

காகித வேலை எல்லாவற்றையும், நாமினேஷன், பெயர் திருத்தம், சர்டிபிகேட், எதுவானாலும் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னதாக முடித்துவிடுங்கள். கடைசி இரண்டு நாள் நோட்டு பெட்டிக்குள் இருக்கட்டும். முறுக்கு சுடுவதும் சொந்தக்காரர்களுக்குக் காப்பி போடுவதும் அந்த இரண்டு நாளுக்கே சரியாக இருக்கும்.